படிப்பு ஏறவில்லை என்று விட்டுவிடாதீர்கள்: கற்றல் குறைபாட்டை அறிந்து உதவி பெறும் வழி

நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அம்மாவின் அருகில் உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தை வாசிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ‘குளத்தில் பட்டம் விழுந்தது’ என்பது வரி. விரலை ஊன்றி ‘கு… ள…’ என்று எழுத்துக் கூட்டத் தொடங்குபவன், சொல்லின் முடிவுக்கு வரும்போது அதன் தொடக்கத்தை மறந்துவிடுகிறான். அடுத்த சொல்லைப் ‘படம்’ என்கிறான். நடுவில் இருந்த புள்ளி வைத்த எழுத்து அவன் கண்ணில் படவே இல்லை. மூன்றாவது சொல்லுக்கு வரும்போது புத்தகத்தை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்து ‘இருந்தது’ என்று ஊகித்துச் சொல்கிறான். ஆனால் அதே பாடத்தை ஒரு முறை வாசித்துக் காட்டினால், கதையை ஒன்று விடாமல் திருப்பிச் சொல்வதோடு, ‘பட்டம் நனைந்தால் மறுபடி பறக்குமா?’ என்று கேள்வியும் கேட்கிறான்.

காதால் கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் கண்ணால் வாசிப்பதற்கும் இடையே இருக்கும் இந்தப் பெரிய இடைவெளியே கற்றல் குறைபாட்டின் முதல் அடையாளம். நம் வீடுகளில் இந்த இடைவெளிக்குச் சோம்பேறித்தனம், கவனமின்மை, திமிர் என்று பெயர் வைத்துவிடுகிறோம். பெயர் வைத்த பிறகு யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஆகவே, இந்தக் கட்டுரையில் நான் மீண்டும் மீண்டும் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான்: குழந்தையை எடைபோடும் சொற்களை நிறுத்திவிட்டு, எந்த இடத்தில் தடுக்குகிறது என்பதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். பள்ளியிலும் மருத்துவமனையிலும் தேர்வுத் துறையிலும் உங்களுக்குக் கை கொடுக்கப்போவது அந்தக் குறிப்பேடுதான்.

கற்றல் குறைபாடு என்பது எது?

அறிவுத்திறன் வயதுக்கு ஏற்றபடி இருந்தும், பார்வையும் செவித்திறனும் சரியாக இருந்தும், ஒழுங்காகப் பள்ளிக்குப் போயும், வாசிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ மட்டும் ஒரு குழந்தை தொடர்ந்து திணறுமானால், அதைக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்கிறார்கள். வாசிப்பில் இருந்தால் டிஸ்லெக்சியா, எழுதுவதில் இருந்தால் டிஸ்கிராஃபியா, கணக்கில் இருந்தால் டிஸ்கால்குலியா என்று வகைப்படுத்தினாலும், ஒரே குழந்தையிடம் இரண்டு சேர்ந்திருப்பது சாதாரணம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு, பள்ளி வயதுக் குழந்தைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு, மொழி எதுவாயினும், இது இருப்பதாகக் கூறுகிறது. இந்தக் கணக்கின்படி 40 பேர் இருக்கும் வகுப்பில் குறைந்தது இரண்டு குழந்தைகளாவது இருக்கக்கூடும்.

இது பிறவியிலேயே மூளை மொழியைக் கையாளும் விதத்தில் இருக்கும் வேறுபாடு. பெரும்பாலும் குடும்பவழியாக வருகிறது. மகனுக்காக ஆலோசனைக்கு வந்த தந்தை, பேச்சுவாக்கில் ‘எனக்கும் சின்ன வயதில் இப்படித்தான்’ என்று தாழ்ந்த குரலில் சொல்வது அரிதன்று. வளர்ப்பு முறையாலோ, கைப்பேசியாலோ, தாய் வேலைக்குப் போவதாலோ இது வருவதில்லை. மாமியார் வீட்டில் நடக்கும் பழி சுமத்தலுக்கு இங்கே இடமே இல்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தமிழில் அது எப்படித் தெரியும்?

கற்றல் குறைபாட்டைப் பற்றிய விளக்கங்களில் பெரும்பாலும் ஆங்கிலத்தின் ‘பி’யையும் ‘டி’யையும் மாற்றி எழுதுவதைத்தான் எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். தமிழ் வழியில் படிக்கும் குழந்தையின் பெற்றோர் அதைப் படித்துவிட்டு, ‘நம் பிள்ளை அப்படி எழுதவில்லையே’ என்று நிம்மதியடைந்துவிடுகிறார்கள். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட மிக ஒழுங்கானது. அதனால் ஒரு குழந்தை தவறில்லாமல் வாசித்தும், ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளித் தள்ளி, பாதி வரிக்குள் களைத்துப்போகலாம். தமிழில் பிழைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் மட்டும் போதாது; வேகத்தையும் களைப்பையும் பார்க்க வேண்டும். அதே குழந்தை ஆங்கிலத்தில் தடுமாறும்போது பிழைகள் கொட்டும்; உடனே ‘இங்கிலீஷ் மட்டும்தான் வீக்’ என்று ஒரு டியூஷனில் சேர்த்துவிடுவோம்.

தமிழ் எழுத்துக்கென்று சில சிக்கல்கள் உள்ளன. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் முதலில் விழுவது ககர ஒலி. தாளிலோ ஒற்றைக் கொம்பு முன்னே நிற்கிறது, ‘க’ நடுவே வருகிறது, கால் பின்னே வருகிறது. தடுமாறும் குழந்தை முதலில் ‘க’வை எழுதிவிட்டு, பிறகு கொம்பைச் செருக இடமில்லாமல் முந்தைய எழுத்தின் மேல் இடித்து எழுதும். ‘கு, சு, து, மு’ ஆகிய நான்கிலும் ஒலிப்பது ஒரே உகரம். எழுதும் வடிவமோ நான்கிலும் வேறு. புள்ளியை விடுவது, குறிலையும் நெடிலையும் மாற்றுவது, ‘ல, ள, ழ’ வரிசையிலும் ‘ன, ண, ந’ வரிசையிலும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றாக எழுதுவது ஆகியவையும் உண்டு. இவற்றை எல்லாக் குழந்தைகளும் முதல் இரண்டு வகுப்புகளில் செய்வார்கள். மூன்றாம் வகுப்பு முடிந்தும் அதே பிழை நீடிக்கிறதா, ஒரே பக்கத்தில் ஒரே சொல் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பேச்சில் ‘வந்துச்சு’ என்று கேட்டு வளர்ந்த குழந்தை ‘வந்தது’ என்ற எழுத்து வழக்கைப் புதிய மொழி போலக் கற்க வேண்டியிருப்பதும் சேர்ந்துகொள்கிறது.

கணக்கிலும் இப்படி ஒன்று உண்டு. நம் மொழியில் 90 என்பது தொண்ணூறு. 900 என்பது தொள்ளாயிரம். முதலாவதில் நூறின் ஒலி இருக்கிறது, இரண்டாவதில் ஆயிரத்தின் ஒலி இருக்கிறது. மதிப்போ இரண்டிலும் ஒரு படி கீழே. மற்றக் குழந்தைகள் சில மாதங்களில் இதைத் தாண்டிவிடுவார்கள். டிஸ்கால்குலியா உள்ள குழந்தை ஐந்தாம் வகுப்பிலும் முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதும், 7-உம் 5-உம் கூட்ட விரலை நாடும், கடையில் மீதிச் சில்லறையைச் சரிபார்க்கத் தெரியாமல் நிற்கும்.

முதலில் விலக்க வேண்டியவை

கண், காது இரண்டையும் சோதித்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்த குழந்தைக்கு மெல்லிய ஒலிகள் பிரித்துக் கேட்காமல் போகலாம். இரத்தசோகையும் தைராய்டு குறைவும் கவனத்தைக் கெடுக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் வெறித்துப் பார்த்து, பிறகு எதுவும் நடக்காததுபோலத் தொடரும் குழந்தைக்கு ஒருவகை வலிப்பு இருக்கலாம். அதைக் குழந்தை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். ஊர் மாறியது, பயிற்று மொழி மாறியது, வீட்டில் இழப்பு, பள்ளியில் அடி அல்லது கேலி ஆகியவற்றையும் எண்ணிப் பாருங்கள். கொரோனா காலத்தில் பள்ளி திறக்காததால் எழுத்தறியாமல் போன குழந்தைகளுக்குக் கற்றல் இழப்பு என்று பெயர், கற்றல் குறைபாடு என்று அல்ல. அவர்களுக்கு முறையாகக் கற்றுக்கொடுத்தால் விரைவில் எட்டிப்பிடித்துவிடுவார்கள். தனிக் கவனத்துடன் ஆறு மாதம் கற்பித்தும் முன்னேற்றம் மிகக் குறைவாக இருந்தால்தான் குறைபாடு பற்றிய ஐயம் வலுக்கிறது. துறுதுறுப்பும் கவனச் சிதறலும் கொண்ட ஏ.டி.எச்.டி. பல குழந்தைகளிடம் இதனுடன் சேர்ந்தே காணப்படும். இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும்.

குறிப்பேடும் பள்ளியும்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இரண்டு வாரத்திற்கு, நாள்தோறும் பத்து நிமிடம் குழந்தை வாசிப்பதைக் கேட்டு, எந்தச் சொல்லை எப்படி வாசித்தது, எத்தனை வரியில் களைத்தது, கேட்டுப் புரிந்தது எவ்வளவு என்று எழுதுங்கள். ‘கவனமில்லை’ என்று எழுதாதீர்கள். ‘கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது இரண்டு எழுத்துக்கு ஒரு முறை தலை நிமிர்ந்தான்’ என்று எழுதுங்கள். எது நன்றாக வருகிறது என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிழைகள் நிறைந்த வகுப்பு நோட்டுகளையும் விடைத்தாள்களையும் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் ஓர் உறையில் வையுங்கள்.

பிறகு வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். பள்ளி முடியும் நேரத்தில் வாசலில் நின்று பேசாமல், நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். ‘என் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா’ என்று தொடங்கினால் ஆசிரியர் தற்காப்பில் இறங்கிவிடுவார். நோட்டைக் காட்டி, ‘வகுப்பிலும் இப்படித்தானா, மிஸ்?’ என்று கேட்டால் அவர் தாம் பார்த்ததைச் சொல்வார். அரசுப் பள்ளியாக இருந்தால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள்; அவர்களில் ஒருவர் உங்கள் பள்ளிக்கு எந்த நாளில் வருகிறார் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். 21 வகை மாற்றுத்திறன்களைப் பள்ளியிலேயே அடையாளம் காண ஆசிரியர்களுக்கு ‘நலம் நாடி’ என்ற செயலி உண்டு. அதில் உங்கள் குழந்தைக்குப் பதிவு செய்யும்படி கேட்பதில் தவறில்லை. தனியார் பள்ளியாக இருந்தால் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை நகலில் வாங்குங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டைத் தன் பட்டியலில் சேர்த்ததோடு, அதை இயன்ற அளவு சீக்கிரம் கண்டறிந்து ஏற்ற கற்பித்தல் வழிகளை மேற்கொள்வதைக் கல்வி நிறுவனங்களின் கடமையாக வைத்திருக்கிறது. வழி அடைபட்டதாகத் தோன்றினால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணில் பேசலாம்.

மதிப்பீடு எப்படி நடக்கும்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் செயல்படும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் தொடங்கலாம். பேச்சுவழக்கில் ‘டெய்க்’ என்றே கேட்டாலும் வழி காட்டுவார்கள். சென்னையைச் சுற்றி இருப்பவர்களுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனமும் உண்டு. 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன், மதிப்பீட்டோடு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளிக்கிறது. தனியாரிடம் போவதானால், மருத்துவ உளவியலாளரிடமும் சிறப்பாசிரியரிடமும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கேட்டதற்குக் கோபித்துக்கொள்ளும் இடத்தில் பணத்தைக் கட்டாதீர்கள்.

மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட நெறிமுறை (2024-இல் இதற்குப் பதிலாகப் புதிய நெறிமுறை வந்தது) மதிப்பீட்டை மூன்று படிகளாக வகுத்தது: முதலில் ஆசிரியரின் கணிப்பும் குழந்தை மருத்துவரின் பரிசோதனையும், அடுத்து அறிவுத்திறன் சோதனை, பிறகு வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுக்கான தனிச் சோதனை. கடைசிப் படிக்கு பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் வகுத்த சோதனைத் தொகுப்பு நம் நாட்டில் பரவலாகப் பயன்படுகிறது. குழந்தை எந்த மொழியில் படிக்கிறதோ அந்த மொழியிலும் வாசிக்க வைத்துப் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ் வழிக் குழந்தையை ஆங்கிலப் பத்தியை மட்டும் கொடுத்து எடைபோடுவது அநியாயம். சோதனைகள் ஒரே நாளில் முடியாமல் இரண்டு மூன்று அமர்வுகளாகலாம். முந்தைய இரவு நன்றாகத் தூங்க வைத்து, காலையில் வயிறார ஊட்டி, ‘உனக்கு எந்த வழியில் சொல்லிக்கொடுத்தால் சுலபம் என்று பார்க்கப் போகிறோம்’ என்று உள்ளதைச் சொல்லி அழைத்துப் போங்கள். மருந்து, ஊசி எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அந்த 2018 நெறிமுறையில் சான்றிதழுக்கான மதிப்பீடு எட்டு வயதுக்கு மேல்தான் என்று இருந்தது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு எட்டு வயது வரை கைகட்டிக் காத்திருப்பவர்கள் பலர். சான்றிதழுக்குத்தான் வயது வரம்பு, உதவிக்கு இல்லை. ஆறு வயதில் எழுத்துகள் நிற்கவில்லை என்றால் ஆறு வயதிலேயே தொடங்க வேண்டும். பின்னால் அது குறைபாடு இல்லை என்று தெரிந்தாலும் அந்தப் பயிற்சியால் இழப்பு ஒன்றுமில்லை.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

இதற்கு மாத்திரை கிடையாது. நினைவாற்றல் லேகியமும், வண்ணக் கண்ணாடியும், கண்களைக் கட்டிக்கொண்டு வாசிக்க வைப்பதாகச் சொல்லும் மூளைத் தூண்டல் வகுப்பும் வாசிப்பைத் தரா. கண் பயிற்சிகளாலும் நிறக் கண்ணாடிகளாலும் கற்றல் குறைபாடு சரியாகும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-இலேயே கூட்டாக அறிவித்துவிட்டார்கள். பலன் தருவது, ஒலியையும் எழுத்தையும் வெளிப்படையாக, படிப்படியாக, திரும்பத் திரும்பக் கற்பிக்கும் குறைதீர் கற்பித்தல்தான். ஒரே பாடத்தை மறுபடி மறுபடி ஓதும் டியூஷன் இதற்கு ஈடாகாது.

சிறப்பாசிரியர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் சொல்லிக்கொடுப்பதை வீட்டில் இருபது நிமிடம் தொடரலாம். எழுத்துக்கு முன் ஒலியில் தொடங்குங்கள். ‘மரம்’ என்று சொல்லி, ம, ர, ம் என மூன்று முறை கைதட்டச் சொல்லுங்கள். ‘மரத்தில் நடு எழுத்தை எடுத்துவிட்டு ட வை, என்ன வரும்?’ என்று கேளுங்கள். மடம் வரும்; பிறகு மணம், மதம், மனம். பேருந்துக்குக் காத்திருக்கும்போதுகூட விளையாடக்கூடிய விளையாட்டு இது. ஒலி பிடிபட்ட பின், ஒரு தாம்பாளத்தில் மணலோ அரிசியோ பரப்பி, ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வையுங்கள். கண், காது, வாய், விரல் நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இந்த முறையைத்தான் இன்று பல்புலன் கற்பித்தல் என்கிறார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. ‘கொ’வைக் கற்பிக்கும்போது கொம்பு, க, கால் மூன்றையும் மூன்று அட்டைகளில் எழுதி, குழந்தையே வரிசைப்படுத்தட்டும். குழப்பும் எழுத்து இணையில் ஒரு நாளைக்கு ஓர் எழுத்தை மட்டும் எடுங்கள். ‘ல’வும் ‘ள’வும் ஒன்றாக அறிமுகமானால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

பாடங்களை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அது சலுகை ஆகாது. வாசிப்பு தாமதமாகிறது என்பதற்காக அறிவியலும் வரலாறும் தாமதமாகக் கூடாது. வகுப்பில் முன்னறிவிப்பின்றி எழுந்து நின்று வாசிக்கச் சொல்லாதிருப்பது, பிழையைத் திருத்தினாலும் கருத்துக்கு மதிப்பெண் தருவது, வாய்மொழியாக விடை கேட்பது ஆகிய மூன்றையும் ஆசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள். தண்டனையாக நூறு முறை எழுதச் சொல்வதை நிறுத்தும்படி பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். பிழையையே நூறு முறை பழகுவதுதான் அதன் பலன்.

சான்றிதழும் தேர்வுச் சலுகையும்

மதிப்பீடு முடிந்ததும் மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, அரசு மருத்துவக் குழுவின் சான்றைப் பெற வேண்டும். தனியார் உளவியலாளரின் அறிக்கை பயிற்சியைத் திட்டமிட உதவும். அரசுத் தேர்வுக்கு அது மட்டும் போதாது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், வட்டார அளவில் பள்ளிக் குழந்தைகளுக்காக நடக்கும் மருத்துவ முகாம்களிலும் இதற்கு உதவுவார்கள். 2018 நெறிமுறை எட்டு, பதினான்கு, பதினெட்டு வயதுகளில் மதிப்பிடச் சொன்னது. பழைய சான்றின் காலம் முடியுமுன் புதுப்பித்துவிடுங்கள்.

மாநிலப் பாடத்திட்டப் பொதுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அனுமதி பெறலாம், சி.பி.எஸ்.இ.யிலும் ஒத்த சலுகைகள் உண்டு. விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகப் போக வேண்டும் என்பதால், ஒன்பதாம் வகுப்பிலேயே கோப்பைத் தயார் செய்வது நல்லது. மொழி விலக்கை மட்டும் அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். பின்னால் சேர விரும்பும் படிப்புக்கோ வேலைக்கோ அந்த மொழி தேவைப்படுமா என்று யோசித்து, குழந்தையின் விருப்பத்தையும் கேட்டு முடிவெடுங்கள். எழுதுபவர் கிடைக்கிறார் என்றால் அவருடன் சில மாதிரித் தேர்வுகளை எழுதிப் பழக வேண்டும். விடையை மனத்தில் வரிசைப்படுத்தி வாயால் சொல்வது தனியாகக் கற்க வேண்டிய திறமை.

2021-இல் நீட் எழுதிய டிஸ்கிராஃபியா உள்ள மாணவி ஒருவருக்கு, உரிமை இருந்தும் கூடுதல் ஒரு மணி நேரம் தேர்வு மையத்தில் மறுக்கப்பட்டது. அவ்வாறு மறுத்தது தவறு என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் மறுதேர்வு எழுத அவருக்கு வழி கிடைக்கவில்லை. சட்டம் நம் பக்கம் இருந்தாலும் போன மணி நேரம் திரும்பாது என்பதால், அனுமதி ஆணையின் நகலைத் தேர்வுக்கு முன்பே மையக் கண்காணிப்பாளரிடம் நேரில் காட்டிவிட்டு வாருங்கள். தேர்வன்று ஒரு நகல் மாணவர் கையிலும் இருக்கட்டும்.

குழந்தையிடம் சொல்வது

மறைத்தால் குழந்தை தனக்குத் தானே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடும். அது பெரும்பாலும் ‘நான் மக்கு’ என்பதாகத்தான் இருக்கும். ‘உன் மூளைக்கு எழுத்தைப் பிடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரமும் வேறு வழியும் வேண்டும், அந்த வழியை நாம் சேர்ந்து கற்றுக்கொள்வோம்’ என்று எளிமையாகச் சொல்லுங்கள். அண்ணனோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிட வேண்டாம் என்று தாத்தா பாட்டியிடமும் சொல்லிவையுங்கள். பள்ளிக்குக் கிளம்பும் காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, காரணமில்லாத அழுகை, ‘நான் இல்லாமல் போனால் நல்லது’ போன்ற பேச்சு ஆகியவற்றைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடாதீர்கள். அன்றே குழந்தை மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். இரவாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வாரத்தில் ஒரு மாலையைப் படிப்பே இல்லாமல் விட்டுவிடுங்கள். குறிப்பேட்டில் ‘நன்றாக வருவது’ என்று நீங்கள் ஒதுக்கிய பக்கத்தில் சைக்கிள் செயின் மாட்டுவதோ கோலம் போடுவதோ பாட்டோ எது இருக்கிறதோ, அந்த மாலை அதற்காக இருக்கட்டும். மூன்று மாதத்திற்கு ஒரு முறை பழைய பக்கங்களைப் புரட்டி, முன்பு தடுக்கிய அதே பத்தியை மீண்டும் வாசிக்கச் சொல்லுங்கள். ‘படம்’ என்று வாசித்தவன் ‘ட்’டில் ஒரு கணம் நின்று, ‘பட்டம்’ என்று சொன்னால், அந்தத் தேதியையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை சிறப்பாசிரியரைப் பார்க்கும்போது முதலில் காட்ட வேண்டிய பக்கம் அதுதான்.